மாமா பேச முப்பது, மாடத்தி பேச நூறு

எங்கள் பென்னலூரில் அதிகம் பேசுகிற ஆள் யார் என்று கேட்டால் ஐயனார் அண்ணனைத்தான் காட்டுவேன். பிறந்ததிலிருந்து அவருக்குக் காது கேட்காது, வாய்ப்பேச்சும் வராது. இருந்தாலும் அவர்தான். சந்தேகப்படுகிறவர்கள் விடிகாலை ஐந்தேகாலுக்கு ஹைவே ஓரம் வந்து நிற்கட்டும். கம்பெனி பஸ்ஸுக்காக இந்தப் பக்கம் ஆறு பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் நிற்பார்கள். பதினொரு பேரும் அவரைப் போலவே. நடுவில் பெங்களூர் லாரிகள் பறக்கப் பறக்க, கேன்டீன் சாம்பாரில் ஆரம்பித்து சூப்பர்வைசரின் புது மீசை வரைக்கும் கையாலேயே பேசித் தீர்த்துவிடுவார்கள். அதே இடத்தில் காது நன்றாகக் கேட்கிற நாலு பேர் போனைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, "அலோ, அலோ, கேக்குதா? கேக்குதா?" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்கள். பாவம், குறையுள்ளவர்கள்.

அண்ணனுக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ., அப்புறம் எல்லோரையும் போல ஒரகடம். காருக்கு சீட் செய்கிற கம்பெனியில் லைன் ஆபரேட்டர். 2011 ஜூன் மாதம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த மூன்று ரூம்களில் நடு ரூமுக்குக் குடிவந்தார். நிலம் சிப்காட்டுக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் விளைவது ரூம் மட்டும்தான். மூன்று போகமும் அதே.

புதிதாக வருகிற பேச்சிலர்களை வரவேற்பது வீட்டில் என் இலாகா. கதவைத் தட்டிவிட்டு ஓடினேன். திறக்கவில்லை. ஜன்னலடியில் நாய் மாதிரி குரைத்தேன். தெருநாய்கள் வந்தன, அவர் வரவில்லை. கடைசியில் ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்தி வைத்தேன். எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது, பக்கத்து ரூம் ஆள் சோப்பு நுரையோடு வெளியே வந்தார். ஐயனார் அண்ணன் மட்டும் உள்ளே உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. என் தொழிலில் அப்படி ஒரு அவமானத்தை நான் பார்த்ததில்லை.

"அடிப்பாவி, அந்தப் புள்ளைக்குக் காது கேக்காதுடி! இன்னாத்துக்கு ஊர எழுப்பிகினு கீற?" என்று அம்மா முனியம்மாள் என் காதைப் பிடித்துத் திருகினாள். அண்ணன் அப்போதுதான் தலையைத் தூக்கினார். அம்மா திருகுவதைப் பார்த்தார், சிரித்தார், தன் காதை இரண்டு விரலால் திருகிக் காட்டினார். அன்றிலிருந்து அதுதான் என் பெயர். அவர்கள் பேச்சில் எல்லோருக்கும் ஒரு கைப்பெயர் உண்டு. அம்மாவுக்குக் கொண்டை. எனக்குத் திருகிய காது. கலைமணி என்று பெற்றவர்கள் வைத்த பெயரைவிடப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த தை மாதம் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் மாடத்தி. அதே பள்ளியில் இரண்டு வகுப்பு கீழே படித்தவள், அவளுக்கும் காது கேட்காது. மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினால் அவள் பெயர். நடு ரூமில் வந்து குடியேறிய ஏழு மாதத்தில் மாடத்தி அக்கா எனக்குக் கையால் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் பத்து வருஷம் முயன்று எனக்குக் கற்றுக்கொடுத்ததைவிட அது அதிகம். ரூம் கதவு திறந்திருக்கும், உள்ளே ஒரு சத்தமும் இருக்காது, போய்ப் பார்த்தால் இருவரும் பெரிய சண்டையில் இருப்பார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் சண்டை முடிந்தது. எங்கள் வீட்டில் இந்த வசதி கிடையாது.

வளைகாப்பு முடிந்து மாடத்தி அக்கா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். அண்ணன் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு பழைய லேப்டாப் வாங்கிவந்தார். போனில் பேச முடியாதவர்களுக்கு வீடியோவை விட்டால் வேறு வழி? எஸ்.எம்.எஸ். இருக்கிறதே என்பார்கள். கட்டின பெண்டாட்டியிடம் எப்போதும் தந்தி பாஷையிலேயே பேசிப் பார்க்கட்டும், அப்போது தெரியும். அங்கே அவள் தம்பி சக்திகுமார் பன்னிரண்டாவது படிக்கிறான், அரசாங்கம் கொடுத்த புது லேப்டாப் வைத்திருந்தான். இரண்டு பக்கமும் டேட்டா கார்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பேச்சு.

எல்லாம் சரி, அது 2012. அந்த வருஷம் கரண்ட் என்பது தூரத்துச் சொந்தம் மாதிரி. வரும், காபி குடிக்கும், போய்விடும். கம்பெனிகளுக்கு ஜெனரேட்டர் இருந்தது. கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு அட்டை விசிறி இருந்தது. அண்ணனின் லேப்டாப் பேட்டரியோ கிழடு. முழுசாக சார்ஜ் ஏற்றினாலும் ஐம்பது நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் கேட்டால் முகத்தில் அடித்தது போல அணைந்துவிடும்.

நவம்பர் ஆரம்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அண்ணன் மூன்று நாள் லீவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். டிசம்பர் முதல் வாரம், ஒரு புதன்கிழமை, ஷிஃப்ட் முடிந்து வந்தவர் நேராக என்னிடம் வந்து போனை நீட்டினார். சக்திகுமாரின் எஸ்.எம்.எஸ்.

'அத்தான், ஞாயிறு 11 மணிக்கு பெரியவங்க கூடுதாங்க. பிள்ளை ஸ்கூல் போற வயசு வரை இங்கயே வளரட்டும், அக்கா மட்டும் பென்னலூர் போகட்டும்னு பேச்சு. ரெண்டு பேருக்கும் காது கேக்காது, பிள்ளை அழுதா யாருக்குத் தெரியும்னு மாமா சொல்லுதாங்க. அக்கா சாப்பிடல. நீங்க வாங்க.'

வாங்க என்றால்? அந்த வாரம் கம்பெனியில் ஆடிட். வெளிநாட்டிலிருந்து மூன்று பேர் வந்து சீட்டைத் தடவிப் பார்க்கப் போகிறார்களாம். சூப்பர்வைசர் லீவ் கடிதத்தைப் படித்துவிட்டு, 'குழந்தை பிறந்ததற்கு ஏற்கெனவே லீவ் எடுத்தாயே' என்று எழுதிக் காட்டினாராம். ஏதோ ஒரே குழந்தையை இரண்டாவது தடவை பெற்றுக்கொள்ளப் பார்க்கிறார் என்று நினைத்திருப்பார். சனிக்கிழமை நடுராத்திரி வரைக்கும் ஓவர்டைம், ஞாயிறு ஒரு நாள்தான் கையில் இருந்தது. போகவே ஒரு ராத்திரி முழுக்க ரயில்.

அண்ணன் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்து எழுதினார்: '2 மணி நேரம் வேணும்.'

ஞாயிறு எங்களுக்குப் பத்துக்குக் கரண்ட் போனால் ஒன்றுக்குத்தான் வரும். ஜெனரேட்டர் வைத்திருந்த பிரவுசிங் சென்டருக்கு ஞாயிறு விடுமுறை. தெருவில் இன்வெர்ட்டர் இருந்தது ஒரே வீடு, அது அவர்கள் சீரியலுக்கே போதவில்லை. ஆக, ஐம்பது நிமிஷ பேட்டரியில் இரண்டு மணி நேரப் பஞ்சாயத்து. பேட்டரியைக் கழற்றி வெயிலில் வை என்றார் ஒருவர். ஃபிரிட்ஜில் வை என்றார் இன்னொருவர். இரண்டையும் கேட்ட அம்மா, "ஏம்மா, அது பேட்டரியா வடகமா?" என்றாள்.

வழி கண்டுபிடித்தது அண்ணன்தான். நோட்டில் ஒரு படம் போட்டார். நீளமான கன்வேயர், அதன்மேல் வரிசையாக சீட்டுகள், ஓரத்தில் புகை விடுகிற ஜெனரேட்டர். கம்பெனியில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது டீசல் தாங்கவேண்டும் என்று ஒரு திருகைத் திருகி லைனின் வேகத்தைக் குறைப்பார்களாம். சீட் மெதுவாக வரும். ஆனால் ஷிஃப்ட் முடிகிற வரைக்கும் வரும். அவர் ஜெனரேட்டர் படத்தைத் தொட்டார், லேப்டாப்பைத் தொட்டார், கையை அகல விரித்துக் கேட்டார்: இதில் அந்தத் திருகு எங்கே இருக்கிறது?

ஊரிலேயே அந்தத் திருகு தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். பத்தாவதில் கணக்கு இரண்டு தடவை என்னைக் கைவிட்ட பிறகு, அம்மா என்னைத் தண்டலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டிருந்தாள். பதினொரு நாள் படித்தேன். பதினோராம் நாள் மாஸ்டர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஆறு கம்ப்யூட்டரிலும் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், பிராசஸரின் உச்ச வேகம் நூறு என்றிருந்ததை ஐந்து ஆக்கிவைத்தேன். அதன் பிறகு ஒரு பைலைத் திறக்கச் சொன்னால் அது யோசித்து, பெரியவர்களைக் கலந்து, அப்புறம் திறந்தது. மாஸ்டர் வைரஸ் என்று நம்பி இரண்டு நாள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். மூன்றாம் நாள் உண்மை தெரிந்து என்னை இறக்கினார். என் கல்லூரிப் படிப்பு அவ்வளவுதான்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பிராசஸர்தான் அந்தப் பெட்டியின் மூளை. அது வேகமாக யோசித்தால் சூடாகும், சூடானால் உள்ளே ஃபேன் சுற்றும், இரண்டும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும். மெதுவாக யோசிக்கச் சொன்னால் பேட்டரி நிற்கும். பரீட்சை ஹாலில் நான் கடைப்பிடித்த முறையும் இதுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். கரண்டில் ஓடும்போது எவ்வளவு, பேட்டரியில் ஓடும்போது எவ்வளவு என்று அதற்குள் இரண்டு எண் தனித்தனியாக இருக்கும். பேட்டரிக்குரிய எண்ணை முப்பது ஆக்கி, அதைத் தனித் திட்டமாகப் போட்டு வைத்தேன். பெயர் கேட்டது. 'கஞ்சன்' என்று கொடுத்தேன். லேப்டாப் கம்பெனிக்காரன் ஏற்கெனவே வைத்திருந்த இன்னொரு திட்டம் நூறிலேயே இருந்தது. கீழ் மூலையில் இருக்கிற பேட்டரிப் படத்தை அழுத்தினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். எது வேண்டுமோ அதைத் தொட்டால் போதும். திரை வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்தேன்.

சோதித்துப் பார்க்கவேண்டுமே? அண்ணன் தன் கல்யாண போட்டோக்களை ஓடவிட்டார். ஐந்து நொடிக்கு ஒன்று. தாலி, மாலை, சாப்பாட்டுப் பந்தி, மறுபடி தாலி. வயரைப் பிடுங்கும்போது மணி மூன்றரை. நான்கரைக்கும் ஓடியது, ஐந்துக்கும் ஓடியது. ஐந்து முப்பத்தைந்துக்கு, மாடத்தி அக்கா ஜிலேபியைக் கடிக்கிற போட்டோவில், திரை அணைந்தது. அண்ணன் என் கையைப் பிடித்துக் குதித்தார், நானும் குதித்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, பொட்டி செத்துப் போச்சு, ரெண்டு பேரும் டான்ஸ் ஆடிகினு கீறீங்க?"

ஞாயிறு வந்தது. கரண்ட் சரியாகப் பத்துக்குப் போனது. இந்த ஒரு விஷயத்தில் கரண்ட் ஆபீஸ்காரர்களைக் குறை சொல்லக்கூடாது. ரூம் கதவை அகலத் திறந்துவைத்து, வெளிச்சம் அண்ணன் கையில் விழுகிற மாதிரி ஸ்டூலைப் போட்டோம். வயசுப்பெண் ரூமுக்குள் இருப்பதால் அம்மா முறத்தோடு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். பதினொன்றுக்கு ஐந்து இருக்கும்போது கூப்பிட்டோம், கஞ்சன் திட்டத்தில்.

திரையில் ஒரு கூடம். நடுவில் நாற்காலியில் வெள்ளை மீசையோடு தாய்மாமா. அவருக்குக் கைப்பெயர் மீசை என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பக்கத்தில் மாடத்தி அக்காவின் அம்மா கோமதியம்மாள். சுவரோரம் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பாயில் மாடத்தி அக்கா, பக்கத்தில் துணிக்குள் குழந்தை. சக்திகுமார் லேப்டாப் அருகில். அக்கா கையால் சொல்வதை அவன் வாயால் அவர்களுக்கும், அவர்கள் வாயால் சொல்வதைக் கையால் அக்காவுக்கும் சொல்லவேண்டும். இங்கே மாமா வாயால் சொல்வதை நான் கையால் அண்ணனுக்குச் சொல்லவேண்டும். ஏற்பாடு அதுதான்.

"மாப்பிள, சௌக்கியமா?" என்று மாமா ஆரம்பித்தார். படம் கொஞ்சம் தத்தியது. மாமா விஷயத்தில் அதனால் நஷ்டமில்லை. வாய் திறந்தபடி உறைந்து நிற்பார், அடுத்த தடவை பார்க்கும்போதும் வாய் திறந்துதான் இருக்கும். குரல் ஒழுங்காக வந்தது. அவர் தன் சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று தொட்டிலிலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். நான் அண்ணனுக்குச் சொன்னேன்: தொட்டில், விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை.

அப்போது மாடத்தி அக்கா கையைத் தூக்கினாள்.

கை நெஞ்சில் இருந்தது. அடுத்த படத்தில் நெற்றிக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்ததில் மடியில். நடுவில் சொன்னது ஒன்றுகூட வந்து சேரவில்லை. அண்ணன் 'மறுபடி' என்றார். அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் நெஞ்சு, நெற்றி, மடி. வாய்ப்பேச்சு என்றால் பாதி முழுங்கினாலும் மீதியை வைத்து ஊகிக்கலாம். கையில் அசைவுதான் பேச்சு. அசைவு போனால் மிச்சம் போட்டோதான். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் சோதனையின் லட்சணம் எனக்குப் புரிந்தது. கல்யாண போட்டோவில் யார் கையை அசைக்கிறார்கள்? அசையாத படத்தைக் காட்டுவதற்கு முப்பதே ஜாஸ்தி. இரண்டு பேர் கை ஓடுவதற்கு முப்பது எந்த மூலைக்கு?

நூறுக்கு மாற்றினேன். மாடத்தி அக்காவின் விரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாக ஓடின. அண்ணன் மூச்சு விட்டார். உள்ளே ஃபேன் சத்தம் கிளம்பியது. பேட்டரிப் படத்தில் பார்த்தேன்: நாற்பத்து மூன்று நிமிஷம். மாமா அப்போதுதான் நாற்காலியில் சம்மணம் போட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் என் தோளைத் தட்டினார். மேலுதட்டில் மீசையை முறுக்கிக் காட்டி, உள்ளங்கையைக் கீழே இறக்கினார். மூக்குத்தியைத் தொட்டு, உள்ளங்கையை மேலே தூக்கினார். மீசை கீழே, மூக்குத்தி மேலே. சீட் வராத நேரத்தில் லைனை எதற்கு வேகமாக ஓட்டவேண்டும்?

அதன் பிறகு நான் டச் பேடிலிருந்து விரலை எடுக்கவில்லை. மாமா வாயைத் திறந்தால் கஞ்சன். மாடத்தி அக்காவின் தோள் லேசாக அசைந்தாலே நூறு. மாமா பேசினார், முப்பது. சித்தப்பா முறையுள்ள ஒருவர் தன் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வருஷத்தைத் தேடினார், முப்பது. யாரோ ஒருவர் காபியைப் பற்றிச் சொன்னார், முப்பதுகூடத் தண்டம், இருபது இருந்தால் கொடுத்திருப்பேன். அக்கா பேசினாள், நூறு. பதினொன்றே முக்காலுக்கு, நியாயப்படி செத்திருக்கவேண்டிய பேட்டரி, பாதிக்கு மேல் உயிரோடு இருந்தது.

கோமதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மருமவனே, ஒங்க ரெண்டு பேரையும் நான் கொறையாச் சொல்லல. பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்கு, தட்டத் தட்டினா திடுக்கிடுதான். ஆனா வாய்ப்பேச்சு காதுல விழுந்தாத்தானய்யா அவனுக்குப் பேச வரும்? அங்கன யாரு பேசுவா?"

நான் அதைக் கையில் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் இருந்த அம்மா கீரைக் காம்போடு உள்ளே வந்து கேமராவுக்கு முன்னால் குனிந்தாள்.

"அய்ய, இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? பேச்சுக்கா பஞ்சம்? தோ, எம் பொண்ணு ஒருத்தி கீறா. இவகூட நாலு நாள் இருந்தா அம்மிக்கல்லுகூட எதுத்துப் பேசும். நானு, இவ அப்பா, மூணு ரூம்காரங்க, தெருவுல தண்ணி லாரிக்கு நிக்கிறவங்க, அல்லாரும் நாள்பூரா கத்திகினுதாம்மா கீறோம். நீ அனுப்பு."

அப்போது கஞ்சன் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் அம்மா, வாய் திறந்து, கையில் முருங்கைக் கொத்தோடு, சாமி வந்தவள் மாதிரி உறைந்து தெரிந்திருப்பாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். கோமதியம்மாளும் சிரித்ததைப் பார்த்தேன்.

மாமா சிரிக்கவில்லை. "பேச்சு கெடக்கட்டும்மா. பச்சப்பிள்ளை நடுச்சாமத்துல வீறிட்டு அழுதா யாருக்குக் கேக்கும்? இதுக்கு ஒரு பதிலச் சொல்லச் சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிருதேன்."

கேள்வி நியாயமானதுதான். அதனால்தான் எரிச்சலாக இருந்தது. நான் அண்ணனுக்குச் சொன்னேன். அவர் கையைத் தூக்கினார். திரையில் மாடத்தி அக்கா, 'நீ இரு' என்று உள்ளங்கையைக் காட்டினாள். நூறுக்கு மாற்றினேன்.

அக்கா பேசப் பேச சக்திகுமார் சொன்னான். "அக்கா கேக்கா... இந்த ஒரு மாசமா ராத்திரி பிள்ளைக்கு மொதல்ல எந்திரிச்சது யாருன்னு கேக்கா. இந்த வீட்டுல அம்மாவுக்குக் காது கேக்கும். எனக்குக் கேக்கும். மாமா வந்து மூணு நாளாச்சு, மாமாவுக்கும் கேக்கும். யாரு எந்திரிச்சா?"

சித்தப்பா முறைக்காரர் காலி காபி டம்ளரை எடுத்து மறுபடி குடித்தார். அங்கே இருந்த எல்லோருக்கும் காது கேட்டது, அதைத்தான் சொல்கிறேன்.

"பிள்ளையோட காலு ராத்திரி முழுக்க அவ வயித்து மேலதான் கெடக்கும்ங்கா. அழுறதுக்கு முந்தி அவன் கால உதைப்பானாம். அழுகை ரெண்டாவது தடவ கூப்புடுறதாம். மொதத் தடவ கூப்புடுறது... அது அவளுக்கு மட்டுந்தான் தெரியுமாம். ஒங்களுக்கெல்லாம் ரெண்டாவதுக்கே முழிப்பு வரலங்கா."

கோமதியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "ஆமாண்ணே. நான் முழிச்சுப் பாக்கும்போதெல்லாம் அவ பால் குடுத்துக்கிட்டுத்தான் இருப்பா. பிள்ளை அழுது நான் எந்திரிச்சதா ஒரு நாளும் ஞாபகம் இல்ல."

நான் இதை அண்ணனுக்குச் சொன்னேன். கீரை ஆய்ந்த கையால் அம்மா மூக்கைத் துடைத்தாள், முருங்கைக்கீரைக்குக் காரம் உண்டு போல.

பதில் கிடைத்தால் எழுந்து போகிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை. தொண்டையைச் செருமினார். "அதெல்லாஞ் சரிதான். இப்ப மார்கழி பொறக்கப் போவுது. பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு மார்கழியில பயணம் ஆவாது. தை பொறக்கட்டும், எல்லாரும் மறுபடி ஒரு நாள் ஒக்காந்து..."

மறுபடி ஒரு நாள்! பேட்டரியில் ஆறு சதவீதம்தான் இருந்தது. மாமா பேசுகிறார் என்று என் விரல் பழக்கத்தில் கஞ்சனுக்குப் போனது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. இனி நூறிலேயே ஓடட்டும்.

மாமா பேசிக்கொண்டிருந்தார், நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டேன். அண்ணன் திரையைப் பார்த்துச் சொன்னார்: 'நீ என்ன சொல்கிறாய்?' மாடத்தி அக்கா மாமா பக்கம் திரும்பவே இல்லை. 'மார்கழி அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பிறக்கிறது. வெள்ளிக்கிழமை ரயில். சனிக்கிழமை காலை தாம்பரம் வா. பிள்ளையோடு வருகிறேன்.' சக்திகுமார் அதை உடனே வாயால் சொல்லவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் 'வருகிறேன்' என்றார். அதன் பிறகும் அணைக்கவில்லை. 'இளைத்துவிட்டாய்', 'நீதான்', 'ஆடிட் முடிந்ததா', 'மண்ணெண்ணெய் ஸ்டவ் திரி மாற்றினாயா' என்று, சாவதானமாக, ஏதோ பேட்டரி அவர்கள் பாட்டன் சொத்து மாதிரி. பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு, அக்கா ஸ்டவ்வைப் பற்றித் திட்டிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்தது.

கரண்ட் வருகிற ஒரு மணி வரை பத்தொன்பது நிமிஷம். அண்ணன் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லிவிட்டாள், அவர்கள் விடவேண்டுமே? மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தார். அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள்.

ஒன்றரைக்குத்தான் எஸ்.எம்.எஸ். வந்தது. 'மாமா கோவிச்சிக்கிட்டு சாப்பிடாம போறேன்னாங்க. அப்புறம் சாப்பிட்டுட்டுப் போனாங்க. ரெண்டு தடவை ரசம். அம்மா டிக்கெட் எடுக்கச் சொல்லிட்டாங்க. நான் கொண்டாந்து விடுதேன் அத்தான்.'

அண்ணன் படித்துவிட்டு போனை என்னிடம் கொடுத்தார். ரூமுக்குள் போய் ஸ்டவ்வைக் கவிழ்த்துப் போட்டுத் திரி மாற்ற உட்கார்ந்தார்.

சனிக்கிழமை அவருக்கு மத்தியான ஷிஃப்ட். நானும் தாம்பரம் போனேன், பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு. ரயில் நாற்பது நிமிஷம் தாமதம். சக்திகுமார் முதலில் இரண்டு பையோடு குதித்தான், பிறகு மாடத்தி அக்கா குழந்தையோடு இறங்கினாள். அண்ணனும் அக்காவும் பிளாட்பாரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்கு மாதத்துப் பேச்சு பாக்கி இருந்தது. அக்கா ஒரு கையால் ஏதோ ஆரம்பித்தாள், நிறுத்தினாள், சலித்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி என் கையில் திணித்தாள். பேச இரண்டு கையும் வேண்டுமே.

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் அவர்கள் முன் சீட்டில் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். நானும் சக்திகுமாரும் பின்னால். படப்பையில் குழந்தை என் சுடிதாரை நனைத்தான். ஒரகடம் கூட்டு ரோட்டில் இன்னொரு தடவை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

"உங்க அக்கா எப்பதான் நிறுத்துவாங்க?" என்று கேட்டேன்.

"இப்பத்தான ஆரம்பிச்சிருக்காவ," என்றான் சக்திகுமார். "ஆவணி மாசத்துக் கதைக்கே இன்னும் வரலையே."